பச்சைத் தடத்தில் மூன்று மோட்டார்கள்: ஒரு ஸ்லாட் கார் கிளப்பின் நிகழ்வு ஆய்வு

ஒரே குளிர்காலத்தில், ஒரே வண்டியில், மூன்று மோட்டார்கள் போயின. மற்ற மூன்று வண்டிகளில் ஒன்றுகூடப் பழுதாகவில்லை. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் உள்ள எங்கள் சிறிய ஸ்லாட் கார் கிளப்பின் வசந்த காலக் கூட்டத்தில் இதைத் தவிர வேறெதுவும் பேசப்படவில்லை. மோட்டார் மட்டம், நல்லதாக வேறு வாங்குவோம் என்றார்கள் பாதிப் பேர். வாங்குவதுதான் வாங்குகிறோம், இன்னும் வேகமானதாக வாங்குவோம் என்றார்கள் மீதிப் பேர். எதை வாங்குவது என்று பார்த்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. அடுத்த பருவம் தொடங்குவதற்கு ஐந்து மாதம் இருந்தது.

ஸ்லாட் காரைப் பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பலகைத் தடத்தில் ஒரு காடி வெட்டப்பட்டிருக்கும். வண்டியின் மூக்குக்கு அடியில் இருக்கும் சிறு அலகு அந்தக் காடிக்குள் இறங்கி வண்டியை வழிநடத்தும். காடியின் இருபுறமும் மின்சாரம் ஓடும் இரண்டு பட்டைகள். அலகின் இருபுறமும் உள்ள செம்புப் பின்னல்கள் அவற்றை உரசிக்கொண்டே மின்சாரத்தை மோட்டாருக்கு எடுத்துப்போகும். கையில் துப்பாக்கி விசை போன்ற கன்ட்ரோலர். விசையை அழுத்தினால் வண்டி ஓடும். முழுவதும் விட்டால் மோட்டாரின் இரு முனைகளும் ஒன்றோடொன்று இணைந்துவிடும்; சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் அந்தக் கணமே ஜெனரேட்டராக மாறித் தன்னைத் தானே இழுத்து நிறுத்தும். பந்தயத்தில் பிரேக் என்பது இதுதான். பிரேக்குக்கென்று வேறு உறுப்பு வண்டியில் கிடையாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது எளிதாகப் புரியும்.

இந்த விளையாட்டு இங்கே மண்ணின் சொத்து என்றே சொல்லலாம். ஃபிரெட் பிரான்சிஸ் 1952-இல் சுருள்வில்லால் ஓடும் தகர வண்டிகளை ஸ்கேலெக்ஸ் என்ற பெயரில் விற்றார். அவற்றுக்கு மின் மோட்டார் வைத்து, 1957-இல் ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சியில் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்று அறிமுகப்படுத்தினார். அவருடைய தொழிற்சாலை இதே ஹாம்ப்ஷயரின் ஹாவன்ட் ஊரில்தான் இருந்தது. எங்கள் கிளப்பின் மூத்தவர்கள் சிலருக்கு அந்த முதல் தலைமுறை ரப்பர் தடங்களின் வாசனைகூட நினைவில் இருக்கிறது.

எங்கள் தடம் மரத்தூள் பலகையில் வெட்டியது. அதில் பக்கம் பக்கமாக நான்கு காடிகள்; ஒவ்வொன்றையும் ஒரு தடம் என்போம்: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. மின்பட்டைகள் ஒட்டுச் செம்பு நாடா. கடையில் வாங்கும் பல வண்டிகளின் வயிற்றில் ஒரு காந்தம் இருக்கும். இரும்புப் பட்டையுள்ள தடத்தில் அது வண்டியைக் கீழே பிடித்து வைக்கும். செம்பில் அந்தக் காந்தத்துக்கு வேலை இல்லை என்பதால் கழற்றிவிட்டோம். ஆகவே எங்கள் மோட்டார்கள் இழுக்கும் சுமை குறைவு. அப்படியிருந்தும் மூன்று போயின என்பதுதான் எனக்கு முதல் உறுத்தல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டது கிளப் வண்டிப் பந்தயம். நான்கு வண்டிகளும் கிளப்புக்குச் சொந்தம். தடத்துக்கு ஒரு வண்டி, அது அந்தத் தடத்திலேயே இருக்கும். ஓட்டுபவர்கள் மூன்று மூன்று நிமிடமாகத் தடம் மாறிக்கொண்டே போவார்கள். சொந்தமாக வண்டி வாங்க வசதியில்லாத பள்ளிப் பையனும் ஓய்வுபெற்ற முதியவரும் ஒரே வரிசையில் நின்று ஓட்டுவது இந்தப் பந்தயத்தில் மட்டும்தான். நான்கு வண்டிகளில் ஒன்று சோர்ந்தாலும் அன்றைய பந்தயம் பந்தயமில்லை. அந்தப் பையன் வீடு திரும்பும்போது முகம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றாது.

செத்த மோட்டார்களைத் திறந்தபோது

புதியதை வாங்குமுன் பழையவை எப்படிச் செத்தன என்று தெரிய வேண்டும். மூன்றும் ஒரு டப்பாவில் பத்திரமாக இருந்தன. அவற்றைக் குப்பையில் போடாமல் எடுத்து வைத்தவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

மூன்றும் ஷார்ட் கேன் என்று அழைக்கப்படும் ரகம். மபுச்சி நிறுவனத்தின் 130 வரிசையால் உலகம் முழுவதும் பரவிய அளவு: நீளம் 25 மில்லிமீட்டர், அகலம் 20, உயரம் 15, தண்டு 2 மில்லிமீட்டர். தகரக் கூட்டை மடித்து மூடியிருப்பார்கள். மடிப்பை நிமிர்த்தினால் பிளாஸ்டிக் பின்மூடி கழன்று வரும். உள்ளே இரண்டு வளைந்த காந்தங்கள், கம்பிச் சுருள் சுற்றிய மூன்று கைகளோடு சுழலும் ஆர்மேச்சர், அதன் நுனியில் சுருள்களுக்கு மின்சாரத்தை மாற்றி மாற்றிக் கொடுக்கும், மூன்று துண்டுச் செம்பால் ஆன கம்யூட்டேட்டர், அதைத் தொட்டு நின்று மின்சாரம் ஊட்டும் இரண்டு பிரஷ்கள். அவ்வளவுதான்.

முதல் மோட்டாரின் கம்யூட்டேட்டரை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். செம்புத் துண்டுகளுக்கு இடையே காகித மொத்தத்தில் ஓர் இடைவெளி இருக்க வேண்டும். அது கண்ணுக்கே தெரியவில்லை. கரிய பசை அடைத்திருந்தது. குண்டூசியால் கீறி எடுத்தால் மைபோல வந்தது. பிரஷ் தேய்ந்த தூளும் எண்ணெயும் கலந்த பசை அது, மின்சாரத்தைக் கடத்தும். ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு மின்சாரம் சுருளைச் சுற்றாமல் குறுக்கே பாய்ந்திருக்கிறது. பச்சை வண்டி மெதுவாக இருக்கிறது என்று யாரோ அக்கறையோடு வாரம்தோறும் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். விட விட இன்னும் மெதுவாகியிருக்கிறது. அதனால் இன்னும் விட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது மோட்டாரில் ஒரு கையின் சுருள் மட்டும் பழுப்பேறியிருந்தது. கம்பியின் மேற்பூச்சு கருகிய வாசனை இன்னும் போகவில்லை. இதைத் திறக்காமலே கண்டுபிடித்திருக்கலாம். மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரை மோட்டாரின் இரு முனைகளில் வைத்துத் தண்டை விரலால் மெல்லச் சுற்றினால், ஆரோக்கியமான மூன்று கை மோட்டாரில் ஒவ்வொரு நிலையிலும் ஏறத்தாழ ஒரே ஓம் காட்டும். இதில் ஓரிடத்தில் அளவு சட்டென்று இறங்கியது. அந்தச் சுருளின் சுற்றுகள் தமக்குள் ஒட்டிக்கொண்டுவிட்டன. காரணம் வண்டியில் இருந்தது. மோட்டார் தண்டின் சிறு பல்சக்கரமான பினியனும் அச்சின் பல்சக்கரமும் இறுகக் கடித்துக்கொண்டிருந்தன. மெல்லிய காகிதத் துண்டை இரண்டுக்கும் இடையே கொடுத்துச் சுற்றினால் அது மடிப்பு விழுந்து வெளியே வர வேண்டும். இங்கே கிழிந்து வந்தது.

மூன்றாவது புதிதாக மாட்டிய இரண்டாம் வாரத்திலேயே போனது. அதன் தண்டில் முன்பின்னாக அசைவே இல்லை. மயிரிழை அளவாவது ஆட்டம் இருக்க வேண்டும். பினியனைச் சுத்தியால் தட்டி ஏற்றியபோது தண்டின் பின்முனைக்குத் தாங்கல் கொடுக்கவில்லை. தட்டிய விசை முழுவதும் பின்மூடியில் தண்டைத் தாங்கும் வளையமான புஷ்ஷின் மேல் இறங்கி அதைப் பிதுக்கிவிட்டது. பினியனை அழுத்தி ஏற்றும் சிறு கருவி ஒன்று உண்டு. விலை இரண்டு மோட்டாருக்கு மேல் போகாது. அது எங்களிடம் இல்லாமல் இருந்தது.

மூன்று மரணங்களுக்கும் காரணம் மோட்டாரின் தரத்தில் இல்லை. ஆனால் ஏன் எல்லாம் பச்சைத் தடத்திலேயே? எண்ணெய் விட்டதற்கு மந்தம் காரணம் என்றால், அந்த மந்தம் முதலில் எங்கிருந்து வந்தது?

விடை மேசைக்கு அடியில் இருந்தது. நான்கு தடங்களுக்கும் சேர்த்து ஒரே பழைய பவர் சப்ளை. மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் வகையும் இல்லை. நான்கு வண்டிகளும் ஓடும்போது 12 வோல்ட் காட்டியது. மூன்று வண்டிகள் தடம் விட்டு விழுந்து, ஒன்று மட்டும் ஓடும்போது 15-ஐத் தொட்டது. பச்சைத் தடத்தின் கம்பி சப்ளைக்கு மிக அருகில் இருந்ததால் அந்த எகிறலை முழுதாக வாங்கியது அதுதான். மற்ற தடங்களுக்கு நீண்ட மெல்லிய கம்பி போனதால் அவை கொஞ்சம் தப்பின. நின்ற நிலையில் மோட்டாரில் எழும் சூடு மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பின்பற்றும். 12 இருக்க வேண்டிய இடத்தில் 15 வந்தால் சூடு ஒன்றரை மடங்குக்கு மேல்.

சூடும் பிரேக்கும்

இந்த ஆய்வில் நான் மிகவும் நேசித்த பகுதி இது. கிளப்பில் யாருமே இதை இப்படி எண்ணிப் பார்த்ததில்லை.

செம்புக் கம்பி சூடானால் அதன் மின்தடை ஏறும்: ஒரு டிகிரிக்குச் சுமார் 0.39 சதவீதம். 50 டிகிரி ஏறினால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். இத்தகைய மோட்டார்களில் பெரும்பாலும் இருக்கும் ஃபெரைட் காந்தம் சூடானால் பலம் இழக்கும்: டிகிரிக்குச் சுமார் 0.2 சதவீதம். 50 டிகிரிக்குப் பத்தில் ஒரு பங்கு. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், சூடேறிய மோட்டாரின் தொடக்க இழுவை கால்வாசி குறைகிறது. பிரேக்கோ இன்னும் மோசம். பிரேக் விசை காந்தப் பலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, தடையால் வகுபடுவது. அதே வேகத்தில் அது மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

இதற்கு நடுவே ஒரு மயக்கம் உண்டு. காந்தம் பலமிழந்தால், சுமை இல்லாமல் சுற்றும் மோட்டாரின் வேகம் கூடும். மேசைமேல் தூக்கிப் பிடித்து விசையை அழுத்தினால் கிண்ணென்று சீறும். கேட்பவர்கள் நல்ல மோட்டார் என்பார்கள். தடத்தில் வைத்தால் வளைவிலிருந்து எழும்பாது, அடுத்த வளைவுக்கு நிற்காது.

பச்சைத் தடத்தில் ஓட்டியவர்கள் குளிர்காலம் முழுவதும் சொன்ன குறையைக் கிளப்பின் குறிப்பேட்டில் தேடிப் பார்த்தேன். "வேகம் இல்லை" என்று எழுதியிருப்பார்கள் என்று நினைத்தேன். முதலில் வந்திருந்த புகார்கள் எல்லாம் வேறு: பாலத்துக்கு அடுத்த வளைவில் நிற்கவில்லை, தடம் அழுக்காக இருக்கிறது, டயரைத் துடைக்க வேண்டும். டயரைத் துடைத்திருக்கிறார்கள். தடத்தையும் துடைத்திருக்கிறார்கள். மோட்டார் சாகத் தொடங்கியிருப்பதை பிரேக் வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

வேகமான மோட்டார் ஏன் வேண்டாம்

எங்கள் பழைய ரகம் 12 வோல்ட்டில் நிமிடத்துக்குச் சுமார் 18,000 சுற்று. உறுப்பினர்கள் பலர் கேட்டது 25,000 சுற்று ரகம். அதே கூடு, அதே அளவு.

கணக்கைப் பாருங்கள். 18,000 என்றால் நொடிக்கு 300 சுற்று. பினியனில் 9 பல், சக்கரத்தில் 27 பல் என்றால் டயர் நொடிக்கு 100 முறை சுற்றும். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயர் ஒரு சுற்றில் கிட்டத்தட்ட 6.3 சென்டிமீட்டர் போகும். ஆகவே நொடிக்கு 6.3 மீட்டர். எங்கள் தடத்தின் மிக நீளமான நேர்பாதை 5 மீட்டர்கூட இல்லை. அந்த வேகத்தை எட்டுமுன் வளைவு வந்துவிடும். 25,000 சுற்று ரகம் நொடிக்கு 8.7 மீட்டர் என்று தாளில் காட்டும். எங்கள் தடத்தில் அதைக் காண இடமே இல்லை.

விலை கொடுக்க வேண்டியது வேறிடத்தில். அதே கூட்டுக்குள் வேகத்தைக் கூட்டக் கம்பியைத் தடிமனாக்கிச் சுற்றுகளைக் குறைப்பார்கள். 18-லிருந்து 25-க்குப் போகச் சுற்றுகள் நான்கில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் அதிகமாகக் குறையும்; தடை பாதியாகும். 10 ஓம் மோட்டார் 12 வோல்ட்டில் புறப்படும் கணத்தில் 1.2 ஆம்பியர் இழுக்கும், 14 வாட் சூடு. தடை பாதியானால் 2.3 ஆம்பியர், 28 வாட். மேசையில் கிடக்கும் என் சால்டரிங் அயர்ன் 25 வாட். கட்டைவிரல் நுனி அளவுத் தகரக் கூட்டுக்குள் அதைவிட அதிகச் சூடு. ஓடும்போது இவ்வளவு இராது, உண்மை. ஆனால் புதிதாக வரும் சிறுவர்கள் வண்டி கவிழ்ந்து சிக்கிக் கிடக்கும்போதும் விசையை விட மாட்டார்கள். கிளப் வண்டியின் மோட்டார் அதற்கும் ஈடுகொடுக்க வேண்டும். கன்ட்ரோலர் வேறு: எங்களுடையவை 45 ஓம் வகை, தடை அதிகமுள்ள மோட்டாருக்குப் பொருந்துபவை. தடை குறைந்த மோட்டாரை அவற்றில் மென்மையாகப் புறப்பட வைக்க முடியாது. எட்டுக் கன்ட்ரோலர்களையும் மாற்ற நேரும்.

ஒருவர் அமெரிக்க வழியைச் சொன்னார்: கழற்றிப் பழுது பார்க்கக்கூடிய 16டி அளவு மோட்டார்கள். உண்மைக் காரில் 24-இல் ஒரு பங்கு அளவுள்ள வண்டிகளில் அங்கே அவற்றுக்கு நீண்ட மரபு உண்டு. சில வகுப்புகளில் ஆர்மேச்சருக்கு எந்தத் தடிமன் கம்பி, எத்தனை சுற்று என்று விதியே வகுத்திருக்கிறார்கள். அழகான ஏற்பாடுதான். ஆனால் வாராவாரம் பிரஷ் மாற்றி, கம்யூட்டேட்டரைக் கடைந்து, ஸ்பிரிங்கைச் சரிபார்க்க ஓர் ஆள் வேண்டும். எங்கள் கிளப்பில் அந்த ஆள் யார் என்று கேட்டபோது யாரும் கை தூக்கவில்லை. அங்கேயே தொடக்கநிலை வகுப்புகள் ஃபால்கன் போன்ற மூடிய, மலிவான மோட்டார்களுக்கு மாறியதற்கும் இதே காரணம்: பழுது பார்ப்பதைவிட மாற்றுவது மலிவு.

பன்னிரண்டில் நான்கு

ஆகவே பழைய 18,000 ரகத்தையே பரிந்துரைத்தேன். ஒரே நேரத்தில், ஒரே கடையில், பன்னிரண்டு. கூட்டத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

வந்ததும் ஒவ்வொன்றின் கூட்டிலும் எண் எழுதினேன். புதிய பிரஷ்ஷின் முகம் கம்யூட்டேட்டரின் வளைவோடு பொருந்தியிருக்காது. ஒரு கோடாகத்தான் தொடும். அந்த நிலையில் முழு மின்னழுத்தம் கொடுத்தால் தீப்பொறி பறந்து செம்பில் குழி விழும். அதனால் 3 வோல்ட்டில், சுமை இல்லாமல், ஒரு மணி நேரம் பழக்கினேன். இடையிடையே தொட்டுப் பார்த்து, சூடு தெரிந்தால் நிறுத்தி. மோட்டாரைத் தண்ணீரில் மூழ்கடித்து ஓட்டிப் பழக்குவதைப் பலர் செய்கிறார்கள். வேகமாகப் பழகும், மறுக்கவில்லை. ஆனால் வெண்கலப் புஷ்ஷில் ஊறியிருக்கும் எண்ணெயைத் தண்ணீர் வெளியேற்றிவிடும். பிறகு காயவைத்து, திரும்ப எண்ணெய் ஊட்ட வேண்டும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

பிறகு அளவெடுத்தேன். தண்டைச் சுற்றி மூன்று நிலைகளில் தடை. சீரான 6 வோல்ட்டில் சுமையில்லா மின்னோட்டம். தண்டின் சுழற்சி வேகம்: கைப்பேசியில் ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் செயலி போதும். மிகக் குறைந்த எந்த மின்னழுத்தத்தில் தானாகச் சுற்றத் தொடங்குகிறது என்பது. கடைசியாக, வண்டியில் மாட்டி, நேர்பாதையில் ஒரே இடத்தில் விசையை விட்டு, எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று அளப்பது. இந்தக் கடைசி அளவை யாரும் எடுப்பதில்லை. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இது பயன்பட்டது.

எண்களைத் தனித்தனியாகப் படிக்கக் கூடாது. மின்னோட்டம் அதிகம், வேகம் குறைவு என்றால் உராய்வு; புஷ் இறுகியிருக்கலாம், தண்டு வளைந்திருக்கலாம். மின்னோட்டமும் அதிகம், வேகமும் அதிகம் என்றால் காந்தம் மெலிவு.

மின்னோட்டம் குறைவு, வேகம் அதிகம் என்றால்? அங்கேதான் நான் தவறினேன். ஏழாம் எண் மோட்டார் அப்படி இருந்தது. பன்னிரண்டில் மிகக் குறைந்த மின்னோட்டம், அழகான ஓசை. இதுவே சிறந்தது என்று முதலில் எடுத்து வைத்தேன். தடத்தில் அரை மணி ஓடியதும் அது விக்கத் தொடங்கியது. விளக்கை அணைத்து, பின்மூடியின் துளை வழியாகப் பார்த்தால் பிரஷ்ஷுக்கு அடியில் நீலப் பொறி. பிரஷ்ஷை அழுத்தும் விசை தளர்ந்திருந்தது. அழுத்தம் குறைந்தால் உராய்வு குறையும், மின்னோட்டம் குறையும், வேகம் கூடும். மேசைமேல் எல்லாம் நன்மையாகவே தெரியும். சுமை ஏறியதும் தொடர்பு விட்டுவிட்டு வரும். அதன்பின் அளவுகளில் ஓரத்தில் நின்றவற்றை, நல்ல பக்கமானாலும், ஒதுக்கினேன். நடுவில் நெருங்கி நின்ற எட்டில், நிற்கும் தூரம் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமான நான்கை வண்டிகளுக்குத் தேர்ந்தேன். அடுத்த நான்கு கையிருப்பு. வேகமான இரண்டைப் பயிற்சி வண்டிகளுக்குக் கொடுத்துவிட்டோம்.

மோட்டாருக்கு ஒதுக்கிய பணத்தில் மிச்சம் பிடித்ததும் கிளப் நிதியும் சேர்ந்து, தடத்துக்கு ஒன்றாக நான்கு சீரான 12 வோல்ட் சப்ளைகள் வந்தன. நான்கு தடங்களுக்கும் ஒரே நீளம், ஒரே தடிமன் கம்பி. பினியன் அழுத்தும் கருவி ஒன்று. எண்ணெய்ப் புட்டியை அலமாரியில் பூட்டச் சொன்னேன். மாதம் ஒருமுறை, ஊசி முனையில் தொங்கும் அளவு, புஷ்ஷுக்கு மட்டும். அதை ஒருவர்தான் செய்வார். மோட்டார்கள் இருக்கையில் நெளியாமல் இருக்கத் திருகு போட்டோம். முன்பு ஒட்டுநாடாதான் பிடித்துக்கொண்டிருந்தது. பற்சக்கரங்களின் கடி வாரத்துக்கு வாரம் மாறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

புதிய பருவத்தில் ஒவ்வொரு பந்தய இரவின் முடிவிலும், மோட்டார் சூடாக இருக்கும்போதே, நான்கு வண்டிகளின் நிற்கும் தூரத்தை அளந்து குறிப்பேட்டில் எழுதுகிறோம். அளப்பவன் பெரும்பாலும் அந்தப் பள்ளிப் பையன்தான். டேப்பை அவன் கையிலிருந்து வாங்க முடியாது. ஜனவரி இரண்டாம் வாரத்தில் நீல வண்டி வழக்கத்தைவிட ஒரு சாண் தள்ளி நின்றது. ஓட்டியவர்கள் யாரும் அதுவரை குறை சொல்லவில்லை. சுற்று நேரத்திலும் மாற்றமில்லை. மோட்டாரைக் கழற்றித் தடையை அளந்தேன். மூன்று நிலைகளிலும் சமம். கம்யூட்டேட்டரும் சுத்தம். குளிர்ந்த பின் மாட்டி அளந்தால் நிற்கும் தூரம் பழையபடி இருந்தது. சூடானதும் மறுபடி நீண்டது. பின்னால் பார்த்தால் நீல வண்டியின் அச்சில் டயர் இழை ஒன்று சுற்றிக்கொண்டு மோட்டாரைக் கூடுதலாக உழைக்க வைத்திருந்தது. இழையை எடுத்தோம். அதே மோட்டார், மூன்றாம் எண், இன்னும் நீலத் தடத்தில் ஓடுகிறது. கையிருப்பு நான்கும் பெட்டியிலேயே இருக்கின்றன.